கேப்டனுக்கு ஒரு பெட்டி

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. பெட்டி எங்கயும் ஓடிப்போயிடாது. உள்ள பீரோ மேல கட்டி வச்சிருக்கேன், எடுத்துத் தர்றேன். ஏலகிரியிலேருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு, வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போறேன்னா என்ன அர்த்தம்? ஜோலார்பேட்டை வண்டி சாயந்திரம்தானே. காபியைக் குடிங்க. நானும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விட்டுடறேன். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசற பழக்கம் எனக்குக் கிடையாது.

வரும்போது என்ன கேட்டீங்க, கேப்டன் வீடு இதுதானேன்னா? யாரு தம்பி கேப்டன்? அவர் கப்பல்ல என்ஜினியர். கேப்டன்னா மேல நின்னு கடலைப் பார்க்கறவரு. எங்க வீட்டுக்காரர் கீழ என்ஜின் ரூம்ல, எண்ணெய்ப் பிசுக்குல நிக்கறவரு. ஆரஞ்சு கலர்ல பாய்லர் சூட்னு உடம்பு முழுக்க மூடற வேலை உடுப்பு, அதை நான்தான் துவைப்பேன். எத்தனை தடவை ஊற வச்சாலும் டீசல் வாசனை போகாது. மலையில யாரோ தெரியாம கேப்டன்னு கூப்பிட்டிருப்பாங்க, இவரும் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டாரு. சொல்லணும்னா வாயைத் திறக்கணுமே.

நீங்க பக்கத்து வீடுன்னு சொன்னீங்க இல்ல? அப்ப உங்களுக்கும் தெரியும். ஏதாவது பேசறாரா? காலையில வணக்கம் சொல்றாரா? அதோட சரியா? அதான். அந்த ஒரு வணக்கமாவது உங்களுக்குக் கிடைக்குது, நீங்க குடுத்து வச்சவரு.

எதுக்கு மலைக்கு வந்தாருன்னு உங்ககிட்ட சொன்னாரா? உடம்புக்கு நல்ல காத்து வேணும்னு சொல்லியிருப்பாரு. அது பொய். நான் சொல்றேன் கேளுங்க.

வருஷத்துல ஒன்பது மாசம் கப்பல்ல இருப்பாரு. அந்த ஒன்பது மாசமும் நான் இந்த வீட்ல, சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு. யார்கிட்டப் பேசறது சொல்லுங்க. எதிர் வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னா தெரு முழுக்கப் போயிடும். அதனால எல்லாத்தையும் சேர்த்து வச்சுப்பேன். பொண்ணு சுபாஷிணிக்கு அம்மை போட்டது, கிணத்துல தண்ணி வத்தினது, என் தங்கச்சி கல்யாணத்துல என்னைக் கூப்பிடாம போட்டோ எடுத்தது, எல்லாம். இவர் லீவுல வந்து இறங்கினதும் ஒண்ணு விடாம சொல்லுவேன். பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு "ம்" கொட்டுவாரு. கேட்டுக்கறாருன்னுதான் நான் நினைச்சேன். ஒருநாள் பார்க்கறேன், பேப்பர் தலைகீழா இருக்கு. கண்ணை மூடி உக்காந்துட்டு "ம்" சொல்றாரு.

சரி போகட்டும், ரிட்டயர் ஆனா இங்கதானே இருக்கப் போறாருன்னு விட்டுட்டேன். ஆனாரு. வந்தாரு. ஒரு மழைக்காலம் தாண்டல. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொல்றாரு, ஏலகிரியில ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்திருக்கேன், கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வர்றேன்னு. ஏன்னு கேட்டேன். நிம்மதி வேணும்னாரு. இங்க என்ன நிம்மதி இல்ல, யார் உங்களைத் தொந்தரவு பண்றாங்கன்னு கேட்டேன். அதுக்கு அந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? நான் மறக்கவே மாட்டேன்.

"திலகா, என்ஜின் ரூம் சத்தத்துல கூட எனக்குத் தூக்கம் வந்தது. இந்த வீட்ல வரல."

கேட்டீங்களா? கட்டின பொண்டாட்டியை. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத என்னை. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. தட்டுல இருந்த ரசம் ஆறிப் போச்சு, நான் ஒரு வார்த்தை பதில் சொல்லல. அப்புறம் அவர் கை கழுவப் போகும்போது சொன்னேன். படுக்கப் போகும்போதும் சொன்னேன். மறுநாள் துணிமணி எடுத்து வைக்கும்போது கூடவே நின்னு சொன்னேன். ஆனா அந்த நேரத்துல, அந்தத் தட்டு முன்னாடி, ஒரு வார்த்தை பேசல. என் பொறுமைக்கு அதை விட என்ன சாட்சி வேணும்?

பஸ்ஸா? இருக்கு தம்பி, சென்ட்ரலுக்குப் பஸ் வந்துக்கிட்டே இருக்கும். உக்காருங்க. இப்பதான் பெட்டி விஷயத்துக்கே வர்றேன்.

அந்தப் பெட்டியில என்னன்னு அவர் உங்ககிட்ட சொன்னாரா? இல்லையா? ரோபோ. பிளாஸ்டிக் ரோபோ. ஜப்பான்ல கோபேன்னு ஒரு துறைமுகம், அங்க வாங்கினது. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. எனக்கு ஒரு குடை வாங்கிட்டு வந்தாரு, அவருக்கு இது. பொம்மையா வராது. துண்டு துண்டா வரும், நாமதான் வெட்டி, தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு முழுசா நிக்க வைக்கணும். இப்ப வர்றதெல்லாம் பசையே இல்லாம அமுக்கினா மாட்டிக்குமாம். இது பழசு, எல்லாத்தையும் ஒட்டணும். பெட்டி மேல படம் போட்டிருக்கும். வெள்ளை ரோபோ, சுத்தி நெருப்பு, கையில ஒரு துப்பாக்கி.

அதை அவர் பிரிச்சதே இல்ல. ஒவ்வொரு லீவுக்கும் பரண்ல இருந்து இறக்குவாரு, பழைய வேட்டித் துணியால துடைப்பாரு, மடியில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் படத்தைப் பார்ப்பாரு, திரும்ப ஏத்திடுவாரு. சுபாஷிணி சின்னப் பிள்ளையில கேட்டு அழுதிருக்கா. தொடக் கூடாது. ரிட்டயர் ஆனதும் நிதானமா உக்காந்து செய்வேன், அதுதான் என் ஓய்வுன்னு சொல்லுவாரு. கூட வேலை பார்த்த பம்பாய்க்காரர் ஒருத்தர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துட்டு, இப்படிப் பிரிக்காம எவன்கிட்டயும் இல்ல, பிரிச்சா போச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் வேட்டித் துணி போய், புதுத் துண்டு வந்தது துடைக்க.

என் முகத்தை ஒரு நாளாவது அப்படி மடியில வச்சுப் பார்த்திருக்காரா? நான் கேட்கறது தப்பா தம்பி? சரி, உங்ககிட்டக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க, விடுங்க.

மலைக்குக் கிளம்பற அன்னைக்கு அதைக் கார்ல வைக்கப் போனவர் நிறுத்திட்டாரு. மலையில ஈரம், அட்டையில பூஞ்சை பிடிச்சுடும், வீட்டைச் சரி பண்ணிட்டு ஆள் அனுப்பறேன்னாரு. அட்டைப் பெட்டிக்கு அவ்வளவு யோசனை. என்னைப் பார்த்து, உடம்பைப் பார்த்துக்கோன்னு சொல்லலை. "பத்திரமா வச்சிரு. திறக்காதே." அவ்வளவுதான். கார் போயிடுச்சு.

கொஞ்ச நாள்ல எனக்குத் தலை சுத்தல். டாக்டரம்மாகிட்டப் போனேன். பிரஷர் ஏறிக் கிடக்கு. மனசுல எதையும் போட்டுக்காதீங்க, கையால ஏதாவது பொழுதுபோக்கு செய்யுங்க, மனசு அமைதியாகும்னாங்க. சுபாஷிணி புனேயிலேருந்து கலர் அடிக்கற புஸ்தகம் ஒண்ணு அனுப்பினா. பூ, மயில், யானை. மயிலுக்குக் கலர் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது அந்த என்ஜின் ரூம் பேச்சு ஞாபகம் வந்தது. பென்சில் காகிதத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மயில் போச்சு.

அப்பதான் அண்ணாந்து பரணைப் பார்த்தேன். அங்க இருக்குது அது. கையால செய்யற பொழுதுபோக்குன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? நான் என்ன என் இஷ்டத்துக்கா செஞ்சேன்?

ஏணி போட்டு இறக்கினேன். கத்தரிக்கோலால ஒட்டுத்தாளைக் கிழிச்சேன். அந்தச் சத்தம் இருக்கே தம்பி, கல்யாணப் பட்டுப்புடவையை முதல் தடவை பிரிக்கும்போது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்ல.

உள்ள பார்த்தா பிளாஸ்டிக் சட்டம் சட்டமா இருக்கு. ஒவ்வொரு சட்டத்துலயும் துண்டுங்க மாத்திரை அட்டை மாதிரி வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கு. வெள்ளைன்னு படத்துல போட்டிருக்கு, ஆனா பழுத்து மஞ்சளாயிருந்தது. பாருங்க, காத்துப் படாம, வெளிச்சம் படாம வச்சும் பழுத்துதான் போச்சு. பசை ட்யூப் கல்லாயிடுச்சு. செய்முறைத் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து, நடுநடுவுல படம். சுபாஷிணிகிட்ட போன்ல சொன்னேன். அம்மா, அப்பாவோட உயிர் அது, தொடாதேன்னு அலறினா. அதனாலதான் தொடறேன், வெட்டறதுக்கு எது நல்லா இருக்கும்னு பார்த்து அனுப்புன்னு சொன்னேன். என் பொண்ணு, அனுப்பிட்டா. ஒரு சின்ன கட்டர், உப்புத்தாள், புதுப் பசை.

தம்பி, எவ்வளவு இதமா இருக்கும் தெரியுமா? சட்டத்துலேருந்து துண்டை வெட்டும்போது டக்குனு ஒரு சத்தம் வரும். ஒட்டி வெட்டக் கூடாது, அந்த இடம் வெளுத்துப் போயிடும். முதல்ல கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் கிட்ட ஒரு வெட்டு. அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு தடவை வெட்டலாம். சுபாஷிணிக்கு அம்மை போட்டப்ப ஊர்ல இல்லாததுக்கு ஒரு டக். எங்கப்பா சாவுக்குத் தந்தி மட்டும் அனுப்பினதுக்கு ஒரு டக். தலைகீழ் பேப்பருக்கு ஒரு டக். அந்த என்ஜின் ரூம் பேச்சுக்கு ரோபோவோட ரெண்டு கால் முழுசும் எடுத்துக்கிட்டேன். வெட்டினதைத் திரும்ப ஒட்டி, பிரிக்காத பெட்டியாக்க உலகத்துல யாராலயும் முடியாது இல்ல? அதை நினைக்க நினைக்க எனக்குத் தோள் எல்லாம் லேசாயிடும். டாக்டரம்மா அடுத்த தடவை பிரஷர் பார்த்துட்டு, அப்படி என்ன செய்யறீங்கன்னு கேட்டாங்க. பொம்மை செய்யறேன்னேன். விடாம செய்யுங்கன்னாங்க.

முட்டி, இடுப்பு எல்லாம் ஆடற மாதிரி மூட்டு வச்சிருக்கான் ஜப்பான்காரன். உக்கார வைக்கலாமாம், நடக்கற மாதிரி நிக்க வைக்கலாமாம். எதுக்கு நடக்கணும்? எங்க போகணும்? மூட்டுக்குள்ள பசையை விட்டு அசையாம பண்ணிட்டேன். அந்தப் பசை சாதாரணப் பசை இல்ல தம்பி, பிளாஸ்டிக்கையே உருக்கும். ரெண்டு பக்கமும் உருகி ஒண்ணாயிடும். அப்புறம் பிரிக்கணும்னா உடைக்கணும், இல்ல ரொம்பப் பொறுமையா பிளேடு விட்டுப் பிரிக்கணும். பாதத்தையும் ஷோகேஸ் பலகையோட ஒட்டிட்டேன், அதுவும் பிளாஸ்டிக் பலகைதான்.

அதோ நிக்குது பாருங்க, டிவி பக்கத்துல. திரும்பிப் பாருங்க. ஆரஞ்சு. ஆமா, படத்துல வெள்ளைதான். பெயிண்ட் கடையில வேற கலர் கிடைக்கல. வெள்ளை இருந்தது, நீலம் இருந்தது, அதெல்லாம் எனக்குப் பிடிக்கல. இது பரவாயில்லைன்னு அடிச்சேன்.

சாப்பிடற மேஜையைப் பார்த்த மாதிரி வச்சிருக்கேன். டிவியைப் பார்க்க வச்சா இங்க யார் இருக்காங்கன்னே அதுக்குத் தெரியாது. சாப்பிடும்போது நான் ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பேன், சும்மா, ஒண்ணு ரெண்டு. பதில் வராது. அதனால என்ன, அவர் இருந்தப்ப மட்டும் வந்துச்சா? இது "ம்" கூட கொட்டறதில்ல. ஆனா கண்ணு திறந்திருக்கு பாருங்க, பச்சை ஸ்டிக்கர். மூடவே மூடாது.

என்ன பார்க்கறீங்க? ஆமா, வலது கை இல்ல. அதுதான் ஒரு சின்னத் தப்பு. நெஞ்சு ரெண்டு பாதியா வரும், முன்பக்கம், பின்பக்கம். கையோட தோள் முனையை நடுவுல வச்சுட்டுத்தான் நெஞ்சை ஒட்டணும். ஒட்டினப்புறம் கையை உள்ள விட வழியே இல்ல. இடது கையை வச்சேன். வலது கையை வைக்கறதுக்குள்ள தண்ணி லாரிக்காரன் பண்ணின அக்கிரமம் ஞாபகம் வந்தது. நம்ம வீட்டுத் தொட்டியில பாதி ஊத்திட்டு மீதியை எதிர் வீட்டுக்கு ஊத்திட்டான் தம்பி. அதைச் சொல்லிக்கிட்டே நெஞ்சை ஒட்டிட்டேன். யார்கிட்ட சொன்னேனா? அதுகிட்டத்தான். தலை அப்ப தயாரா இருந்தது, மேஜை மேல வச்சிருந்தேன். சொல்லி முடிச்சுட்டுப் பார்க்கறேன், வலது கை தட்டுலயே கிடக்கு.

இதுவும் அவர் தப்புதான். செய்முறை ஜப்பான் எழுத்துல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? படம் போட்டிருந்தாங்கதான். அவர் கூட உக்காந்திருந்தா, திலகா கை இன்னும் வைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா? அந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் வாயைத் திறப்பாரு. நுணுக்கமான வேலையில அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் கைக்கடிகாரம் நின்னு போனப்ப கடைக்காரனே முடியாதுன்னான், இவர் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஓட வச்சுட்டாரு. இதோ, இன்னும் ஓடுது. சரி, அது எதுக்கு இப்ப.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாரு. சாப்பிட்டியான்னு கேட்பாரு. நான் சொல்ல ஆரம்பிச்சா, மலையில சிக்னல் சரியில்ல, காதுல விழலைன்னு வச்சுடுவாரு. உங்க வீட்ல சிக்னல் எப்படி தம்பி? நல்லா இருக்கா? பக்கத்துப் பக்கத்து வீடுதானே? சரி, சரி. நான் சும்மா கேட்டேன். போன வாரம் அவரா சொன்னாரு, பெட்டிக்கு ஆள் வருவாரு, ரூபன்னு பேரு, நல்ல மனுஷன், குடுத்து விடுன்னு. சிக்னல் அப்ப நல்லா இருந்தது. வீட்ல ஜன்னல் ஓரமா மேஜை போட்டாச்சாம், விளக்கு வாங்கியாச்சாம், இனி உக்காந்து செய்ய வேண்டியதுதானாம். குரல்லயே சிரிப்பு தெரிஞ்சது. பத்திரமா இருக்கான்னு கேட்டாரு. பத்திரமா இருக்குன்னேன். பொய்யா? அங்கதானே நிக்குது.

இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

இதோ. பார்த்தீங்களா, ஒட்டுத்தாள் புதுசா ஒட்டியிருக்கேன், முன்ன மாதிரியே. பழைய துண்டாலயே துடைச்சிருக்கேன். உள்ள சட்டம் மட்டும்தான் இருக்கு. வெறும் சட்டம், ஒரு துண்டு கூட இல்லாம. ஜன்னல் ஓரத்துல உக்காந்து, விளக்கைப் போட்டு, மூடியைத் திறப்பாரு பாருங்க, அப்ப அந்த மூஞ்சியை நான் பார்க்கணும். அதுக்காக எத்தனை நாள் கறுவிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? நீங்க பக்கத்துல இருந்தா பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. நம்பர் தர்றேன். என்ன பண்ணினாரு, உக்காந்தாரா, எழுந்து வெளியில போனாரா, எல்லாத்தையும் சொல்லணும். நீங்க முன்னாடியே ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவரே திறக்கட்டும். திறக்காதேன்னு நான் சொல்லல இல்ல?

குலுக்காதீங்க தம்பி, சாய்க்கவும் வேண்டாம். உள்ள ஒரு பாட்டில் இருக்கு. நார்த்தங்காய் ஊறுகாய். அது எதுக்குன்னா, வெறும் சட்டம் ரொம்ப லேசா இருக்கு, கையில வாங்கினதுமே கண்டுபிடிச்சுடுவாரு. கனத்துக்காக வச்சேன். கல்லு வைக்கலாம்னுதான் முதல்ல பார்த்தேன், ஆனா கல்லு உருளும். நார்த்தங்காய் அவருக்குப் பிடிக்குமேன்னெல்லாம் வைக்கல. உப்பு குறைச்சலாத்தான் போட்டிருக்கேன், அவருக்கும் பிரஷர். துணியில சுத்தி வச்சிருக்கேன், எண்ணெய் கசியாது.

அந்த வலது கையும் உள்ளதான் இருக்கு. பஞ்சுல சுத்தி, ஓரமா. அதுவும் ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சு முடிச்சது. ஏன்னு கேட்கறீங்களா? அதுலதான் விஷயமே இருக்கு. வேலை பாதியில கிடந்தா அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கதவுக் கீல் கிரீச்னா கூட எழுந்து போய் எண்ணெய் விடற ஆள். கை அங்க இருக்கும், உடம்பு இங்க இருக்கும். அதை மாட்டணும்னா நெஞ்சுல பிளேடு விட்டுப் பொறுமையா பிரிக்கணும். ரோபோவைத் தூக்கிட்டுப் போகவும் முடியாது, பாதம் பலகையோட உருகிக் கிடக்கு. அப்ப என்ன பண்ணுவாரு? இங்க வரணும். வேற வழியே இல்ல. பிளேடு, உப்புத்தாள், பசை எல்லாம் மேஜை டிராயர்ல எடுத்து வச்சிருக்கேன், அது சும்மா இடத்தை அடைக்கக் கூடாதுன்னு.

வரட்டும். அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நிக்கட்டும். பெல் அடிக்கட்டும். நான் கதவைத் திறக்க மாட்டேன் தம்பி. சத்தியமா திறக்க மாட்டேன். நிம்மதியா நில்லுங்கன்னு உள்ளேயிருந்தே சொல்லுவேன். அதுதான் நான் அவருக்குக் குடுக்கப் போற தண்டனை.

கிளம்பறீங்களா? சரி, பார்த்துப் போங்க. படியில மூணாவது கல்லு பெயர்ந்திருக்கு, அதையும் யாரும் பார்க்கறதில்ல. தம்பி, ஒரு நிமிஷம், இதை மட்டும் அவர்கிட்டச் சொல்லிடுங்க. வர்றதா இருந்தா முன்னாடியே போன் பண்ணச் சொல்லுங்க. செவ்வாய், வெள்ளி சாயந்திரம் நான் கோயிலுக்குப் போயிடுவேன். அவர் பாட்டுக்கு வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டாருன்னா? கதவைத் திறக்காம இருக்கறதுக்கு நான் வீட்ல இருக்கணும் இல்ல?